சுமோவின் உள்வானம்

முதலில் கண்ணாடிக்கு மேலே ஒரு சின்னத் தொப்பை.
ஜூலை மாதக் கோத்தகிரி,
நுரையும் பசையும் எத்தனை நாள்தான் தாங்கும்.
குண்டூசி குத்தினேன், எண்பத்து மூன்று.
பின்சீட்டு எல்வின் ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி
சட்டைப்பையில் சேர்த்தான்.
துவைக்கும்போது அவன் அம்மா விரலில் ஏறி
எனக்கு போன்.

ஆகஸ்டில் பின்னால் வரும் பஸ் தெரியவில்லை.
வெளியே மூடுபனி,
உள்ளே சாம்பல் துணி.
மேட்டுப்பாளையத்தில் விசாரித்தேன்:
ஏழாயிரம், வண்டி ரெண்டு நாள் நிக்கணும்.
ஏழாயிரம் இருந்தால்
டயரல்லவா மாற்றியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பிள்ளையை
அரவேணுவில் இறக்கிவிட்டு வந்து
ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.
வெயில்மறைப்பு இரண்டு, கைப்பிடி ஆறு,
விளக்கு, பெல்ட் முடிச்சு, கதவோர ரப்பர்.
தலையால் முட்டுக்கொடுத்து
கையால் திருகினேன்.
கடைசி க்ளிப் விட்டதும்
மொத்தக் கூரையும் என் தலைமேல் இறங்கியது.
பின்கதவு வழியே இழுத்தேன்.
பெரிய மாட்டைப்
பிரசவம் பார்ப்பது போலிருந்தது.

துணியை உரித்தால்
நுரை மஞ்சள் மாவாய்க் கொட்டுகிறது.
முடியில், காதில், தேநீரில்.
பழைய ஓட்டுநரின் சிகரெட் சுட்ட ஓட்டை நான்கு.
நடுசீட்டுக்கு நேர்மேலே
துணியில் யாரோ பேனாவால் போட்ட பெருக்கல் கணக்கு,
விடை தப்பு.
ஆறு வருடம் தலைக்கு மேலே இருந்திருக்கிறது.

கோவையில் வாங்கிய நுரைத்துணி
பட்டாணிப் பச்சை.
சாம்பல் தீர்ந்துபோச்சு, இது ராசியான கலர்க்கா
என்றான் கடைப்பையன்.
மீட்டருக்கு முப்பது ரூபாய் குறைந்தது,
அதுதான் ராசி.

பசை தடவி பத்து நிமிடம் காயவிடவும்
என்று டப்பாவில் போட்டிருந்தது.
எழுதியவர் கோத்தகிரிக்கு வந்ததில்லை.
சனி முழுக்க மேகம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது.
பசை வெளுத்துப் பால் மாதிரி ஆனது.
சுரண்டினேன்.
ஞாயிறும் அப்படியே.
கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து,
அட்டைக் கூரையை அறையில் கிடத்தி,
ஒரு பக்கம் ஹீட்டர், மறுபக்கம் நான்.

திங்களன்று பிள்ளைகள் ஏறிப் பார்த்தார்கள்:
மேலே வெறும் தகரம்,
வெல்டிங் தழும்பு, தொங்கும் ஒயர்.
கட்டபெட்டு வளைவில் மழை பிடித்தது.
ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.
பத்துப் பேரும் வாய் திறந்து கத்தினார்கள்,
கத்துவதும் கேட்கவில்லை,
அதில் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.
எல்வின் அழுதாலும் தெரியாது என்று
பிருந்திகா பலகையில் எழுதிக் காட்டினாள்.
வியாழன் வரை தினமும் மழை.
தினமும் சரியான நேரத்துக்கு வாசலில் நின்றார்கள்,
நான் ஹார்ன் அடிக்கவேயில்லை.

புதன் ராத்திரி ஒருவழியாகப் பசை
விரலில் ஒட்டாமல் ஒட்டும் பதத்துக்கு வந்தது.
பாதித் துணியை மடித்து, மீதியை இறக்கி,
நடுவிலிருந்து ஓரத்துக்கு
உள்ளங்கையால் தள்ளிக்கொண்டே போனேன்.
அழுத்தினால் பசை ஊறிக் கறையாகும்,
விட்டால் காற்று தங்கும்.
குழந்தை நெற்றியில் ஜுரம் பார்க்கும் அழுத்தம்தான் கணக்கு.
இடது ஓரத்தில் ஒரு சுருக்கம் விழுந்தது.
பிரித்தால் கிழியும். விட்டேன்.

வியாழன் சாயங்காலம் மாட்டிவிட்டேன்.
ஒரு திருகாணி மிஞ்சியது.

வெள்ளி காலை ஏறினார்கள்.
அண்ணாந்து பார்த்தார்கள்.
நல்லா இருக்கு என்றான் எல்வின்,
ஆஸ்பத்திரி மாதிரி.
வளைவில் மழை வந்தது.
வைப்பர் இப்படியும் அப்படியும் ஓடுகிறது.
பிருந்திகா கையை உயர்த்தி
பச்சைத் துணியில் உள்ளங்கையை வைத்து
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.
அக்கா, மழை நின்னுடுச்சா?

நிக்கலைடி.

கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினேன்.
என் தோள் நனைகிறது.
சாம்பல் தட்டில் அந்தத் திருகாணி
எந்த இடத்துக்கானதோ,
ஒவ்வொரு வளைவிலும் உருள்கிறது.